அவலத்துள் நகை: கந்தர்வனின் ‘தண்ணீர்’ பற்றிய ஒரு திறனாய்வு

நகையும் அழுகையும் ஒன்றுக்கொன்று பகை என்பது பொதுவான கருத்து. ஆயின் தொல்காப்பியனார் எண்வகை மெய்ப்பாடுகளை நிரல்படுத்துங்கால் நகையை முதற்கண் வைத்து, அதனையடுத்து அழுகையை வைத்துள்ளார். ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் நந்நான்கு நிலைக்களன்களையும் அவர் வகுக்கின்றார். அழுகைக்கு அவர் கூறும் நிலைக்களன்களுள் வறுமையும் ஒன்று. நகைக்குரிய நான்கனுள் வறுமை இடம்பெறவில்லை. இது இயல்பே. இல்லாமை கண்டு சிரிப்பது பண்பன்று என்பதை எவரும் உடன்படுவர்.

எனினும் இக்காலப் புனைகதையைக் கற்பார்க்கு ஒரு வினா எழுகின்றது. வறுமையை நிலைக்களனாகக் கொண்ட ஒரு கதையில் நகை பிறக்குமாயின், அது வறியாரை இகழும் நகையா, அன்றி வறியார் தாமே நகும் நகையா? அந்நகை அவலத்தை மறைக்கின்றதா, மிகுவிக்கின்றதா? அவ்வவலத்தின் முடிவில் நம்பிக்கை தோன்றுமாயின், அது கதைக்குள்ளிருந்து விளைந்ததா, ஆசிரியர் வெளியினின்று கொணர்ந்து ஒட்டியதா? இவ்வினாக்களைப் புதுக்கோட்டையில் வாழ்ந்து எழுதிய கந்தர்வனின் ‘தண்ணீர்’ என்னும் சிறுகதையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவேறு அளவுகோல்கள்

தமிழ்த் திறனாய்வில் இவ்வினாவிற்கு இருவகை விடைகள் வழங்கி வந்துள்ளன. ஒரு சாரார், இருளை இருளாகவே காட்டுதல்தான் கலையின் நேர்மை என்பர். நம்பிக்கை தரும் முடிவை அவர்கள் ஐயத்துடன் நோக்குவர். மற்றொரு சாரார், துன்பத்தைக் காட்டிவிட்டு வழிகாட்டாது நிற்றல் எழுத்தாளன் கடமையில் தவறுதல் என்பர். முன்னவர்க்குப் புதுமைப்பித்தன் முன்மாதிரி. பின்னவர் அவரிடத்தே நம்பிக்கை வறட்சி என்னும் குறையைக் கண்டனர். இப்பூசல் நெடுங்காலம் நிகழ்ந்தது. இதனால் விளைந்த தீங்கு ஒன்றுண்டு. கதையின் முடிவை மட்டும் நோக்கி, அது இருளா ஒளியா என்று எண்ணித் தீர்ப்பளிக்கும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. கதையின் நடுவே நகை எவ்விடத்து எவ்வாறு பிறக்கின்றது என்பதை இரு சாராரும் போதிய அளவு நோக்கினாரல்லர்.

புதுமைப்பித்தனையே எடுத்துக்கொள்வோம். 1934இல் எழுதப்பெற்ற ‘பொன்னகரம்’ என்னும் கதையின் தலைப்பே ஓர் எள்ளல். குதிரைவண்டி ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கின்றான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும். அதன்பொருட்டு அம்மாளு இருட்சந்தினுள் மறைகின்றாள். கதையின் இறுதியில் எழும் ஏளனம் அம்மாளுவை நோக்கியதன்று. கற்பைப் பற்றி ஓயாது பேசும் நம்மை நோக்கியது. ஆண்டு நகைப்பவர் ஆசிரியர், நகைக்கப்படுபவர் படிப்போர். அம்மாளு நகைத்தாளல்லள். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ (1943) என்னும் கதையிலோ நகை வேறு வகையது. சென்னைக்கு வந்த கடவுள் காப்பி அருந்துகின்றார். கந்தசாமிப் பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகின்றார். குறுகிய வருவாயில் குடும்பம் நடத்தும் பிள்ளையவர்கள் கடவுளையும் விட்டுவைக்காமல் கணக்குப் பார்க்கின்றார். ஈண்டுக் கதைமாந்தரே நகைக்கு உரியராகவும் நகைப்பவராகவும் ஆகின்றனர். ஓர் ஆசிரியரிடத்தே இவ்விருவகை நகையும் அமைந்திருத்தலை நோக்கின், ‘இருண்ட எழுத்தாளர்’ என்னும் ஒரு சொல்லால் அவரை அளந்துவிடுதல் பொருந்தாமை புலனாகும்.

இனி நம்பிக்கையின் பக்கம் நிற்பாரை நோக்குவோம். புதுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த பெருங்களூரில் 1922இல் பிறந்த அகிலன், ‘சித்திரப்பாவை’ என்னும் புதினத்திற்காக 1975ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசைப் பெற்றார். தமிழுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. அப்பரிசைக் கடுமையாக எதிர்த்து எழுதினார் சுந்தர ராமசாமி. ‘சித்திரப்பாவை’யில் ஓவியன் அண்ணாமலையை விரும்பும் ஆனந்தி, மாணிக்கத்தின் வஞ்சகச் செயலால் அவனையே மணக்க நேர்கின்றது, முடிவில் அவனை நீங்கி அண்ணாமலையிடம் வருகின்றாள். அக்காலச் சமூகத்தில் இது துணிவான முடிவு என்பதை மறுக்கவொண்ணாது. ஆயினும் அம்முடிவை நோக்கிக் கதைமாந்தரை நடத்திச் செல்வது ஆசிரியரின் இலட்சியமே. கலையின் தூய்மையே வாழ்வை மீட்கும் என்பது அகிலன் தொடக்கத்திலேயே கொண்டுவந்த முடிபு. ஆதலின் அந்நூலில் நம்பிக்கை உண்டு, நகை அரிது. நம்பிக்கை இலட்சியத்தினின்று பிறக்குமிடத்து நகைக்கு வேலையில்லை. இலட்சியம் தன்னைப் பார்த்துத் தானே நகைப்பதில்லை அன்றோ!

பழந்தமிழ் மரபில் வறுமை

வறுமையைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை காட்டும் அடுக்களையை நாம் அனைவரும் அறிவோம். குட்டி ஈன்ற நாய் அங்கே கிடக்கின்றது. கிணைமகள் உப்பின்றிக் கீரையை வேகவைக்கின்றாள். புறங்கூறுவோர் காண்பரே என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்துடன் உண்கின்றாள். அக்கதவே அப்பகுதியின் உயிர். வறுமை ஈண்டு மறைக்கத்தக்க இளிவு. பசியினும் பிறர் பார்வை கொடிது என்பது அக்காட்சியின் பொருள்.

பிற்காலத் தனிப்பாடல்களில் இக்கதவு திறந்துவிடுகின்றது. இராமச்சந்திர கவிராயர் பெயரில் வழங்கும் ஒரு புகழ்பெற்ற செய்யுளில், ஒரே பொழுதில் ஒரு குடியானவன்மீது துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே அழுகைக்குரியது. ஆனால் அவை அடுக்கப்பெற்ற விரைவினால் கேட்போர் நகைக்கின்றனர். நகைத்த பின்னர், எதைக் கேட்டு நகைத்தோம் என்று தம்மைத் தாமே நாணுகின்றனர். துன்பத்தின் அளவு மிகுங்கால் அதன் மெய்ப்பாடு திரியும் என்பதற்கு இஃது ஏற்ற சான்று. எனவே வறுமையில் நகை பிறத்தல் மேனாட்டுச் சிறுகதையினின்று நாம் பெற்ற கடனன்று. நம் மரபிலேயே அதற்கு வேர் உண்டு.

‘தண்ணீர்’ கதையின் அமைப்பு

கந்தர்வனின் இயற்பெயர் நாகலிங்கம். 1944இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர். தமிழ்நாடு அரசின் கருவூலக் கணக்குத்துறையில் பணியாற்றினார். புதுக்கோட்டையில் வாழ்ந்து 2004இல் மறைந்தார். ‘சாசனம்’, ‘ஒவ்வொரு கல்லாய்’, ‘கொம்பன்’ முதலியன அவர்தம் சிறுகதைத் தொகுப்புகள். முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தில் அவர் முன்னின்றவர். நம்பிக்கையைக் கடமையாகக் கொண்ட இயக்கம் அது. ஆகவே அவர் கதையில் நம்பிக்கை எவ்வாறு தோன்றுகின்றது என்பதை நோக்குதல் இவ்வாய்விற்கு மிகவும் ஏற்புடைத்து.

கதை நிகழும் ஊர் இராமநாதபுரச் சீமையின் வறண்ட சிற்றூர். ஊரில் குடிநீர் இல்லை. நாள்தோறும் அவ்வழியே வரும் பயணியர் இரயில் நிலையத்தில் நிற்கும் சில மணித்துளிகளில், பெட்டிகளின் முகங்கழுவும் தொட்டிக் குழாயில் வரும் நீரைப் பெண்கள் குடங்களில் பிடித்துக்கொள்கின்றனர். இரயிலின் ஒலி கேட்டதும் ஊர்ப் பெண்கள் குடங்களுடன் ஓடுகின்றனர். அவர்களுள் ஒருத்தி இந்திரா. ஒருநாள் குடம் நிறையும்வரை நின்றமையால் அவள் இறங்கத் தவறுகின்றாள். இரயில் அவளைக் கொண்டு சென்றுவிடுகின்றது. ஊர் கலங்குகின்றது. தேடிச் சென்றோர் வெறுங்கையராய்த் திரும்புகின்றனர். இறுதியில், தண்டவாளத்தின் வழியே அவள் நடந்து வருகின்றாள். இடுப்பில் நிறைகுடம்.

இக்கதையின் முற்பகுதி நகையால் நிறைந்தது. இரயில் வருகையும், பெண்களின் ஓட்டமும், இடத்திற்கான போட்டியும், நிலையத்தாரின் சினமும் ஒரு திருவிழாப் பரபரப்புடன் சொல்லப்படுகின்றன. நாடு முழுவதையும் இணைக்கும் பேரமைப்பாகிய இரயில்வே, இவ்வூரைப் பொறுத்தவரையில் நகரும் கிணறு மட்டுமே. பயணி முகங்கழுவும் நீர் இவர்க்குக் குடிநீர். இம்முரணை ஆசிரியர் ஒரு சொல்லாலும் விளக்கினாரல்லர். விளக்கியிருப்பின் நகை கெட்டு அறிவுரை எஞ்சியிருக்கும். இந்திராவின் ஆசையும் இத்தகையதே. தண்ணீர் உள்ள வெளியூரில் வாழ்க்கைப்பட வேண்டும் என்று அவள் எண்ணுகின்றாள். மணமகனின் குணமும் குலமும் செல்வமும் அன்று, கிணறே அவள் நாடும் தகுதி. இளமையினின்று பிறந்த நகை இது. ஆயினும் இதன் அடியில் ஓர் ஊரே தன் பெண்களை இழந்துகொண்டிருக்கும் அவலம் மறைந்துள்ளது.

இப்பகுதியில் நகைப்பவர் யார் என்பதே நம் வினா. நகைக்கு நிலைக்களனாகிய எள்ளலை விளக்குமிடத்து, தான் பிறரை எள்ளுதலும் பிறரால் தான் எள்ளப்படுதலும் என இருதிறம் படுத்துக் காட்டுவார் பேராசிரியர். அவ்வழி நோக்கின், இக்கதையில் ஊரார் எள்ளப்படுவோர் அல்லர். அவர்கள் தம் நிலையை அறிவர். அறிந்தே ஓடுகின்றனர், பூசலிடுகின்றனர், கேலி பேசுகின்றனர். சிறுபாணாற்றுப்படையின் கிணைமகள் கதவை அடைத்தாள். இவர்களோ நூறு பயணிகள் பார்க்க நிலையத்தின் நடுவே நிற்கின்றனர். மறைப்பதற்கு இவர்களிடம் கதவில்லை. நாணம் நின்ற இடத்தில் நகை வந்து நிற்கின்றது. வறுமை தனியொருவரின் இளிவாக இருந்தவரை அது மறைவிடம் தேடியது. ஊர் முழுவதன் நிலையாக மாறியபோது அது வெளிப்பட்டது. இம்மாற்றத்தைக் கந்தர்வன் நுண்ணிதின் உணர்ந்துள்ளார்.

நம்பிக்கை பிறக்கும் இடம்

இரயில் இந்திராவைக் கொண்டுசென்றதும் நகை நின்றுவிடுகின்றது. பருவமடைந்த பெண் அயலிடத்தே தனித்து நிற்கும் அச்சம் கதையைப் பற்றிக்கொள்கின்றது. இழவு நேர்ந்ததுபோல் தாய் அரற்றுகின்றாள். வேறோர் எழுத்தாளர் இவ்விடத்தே கதையை முடித்திருக்கலாம். முடித்திருப்பின் அது இருண்ட கதை. ‘நேர்மையான’ கதை என்று ஒரு சாரார் பாராட்டியிருப்பர். இன்னொருவர் ஓர் அதிகாரியையோ தொண்டரையோ கொணர்ந்து பெண்ணைச் சேர்ப்பித்து, ஊருக்குக் குழாயும் இட்டிருப்பர். மற்றொரு சாரார் அதனைப் பாராட்டியிருப்பர்.

கந்தர்வன் இவ்விரண்டையும் செய்யவில்லை. அந்தி மயங்கும் நேரத்தில் பெண் வருகின்றாள், குடமும் வருகின்றது. இவ்வளவு கனத்தையா சுமந்து வந்தாய் என்னும் பொருள்பட வினவும் தாய்க்கு, நாளைவரை குடிப்பதற்கு என்ன செய்வது என்னும் பொருள்பட மகள் மறுமொழி கூறுகின்றாள். இம்மறுமொழி ஒருங்கே நகையும் அழுகையும் பெருமிதமும் ஆகும். தான் தொலைந்துபோனதை அவள் பெரிதாக எண்ணவில்லை. நீர் சிந்தாமையையே எண்ணினாள் என்பதில் நகை பிறக்கின்றது. ஓர் இளம்பெண்ணின் உயிரும் மானமும் ஒரு குடம் நீருக்குப் பின்னே நிற்கவேண்டிய நிலை அழுகைக்குரியது. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய தறுகண் அவள் நடையில் விளங்குகின்றது. போர்க்களத்திற்கு உரியதாகக் கருதப்பட்ட அச்சொல் தண்டவாளத்தின் ஓரத்திற்கு இறங்கிவருவதே இக்கதையின் புதுமை.

ஈண்டு நம்பிக்கை எதனால் ஆயது? குடத்தால் ஆயது. கதையின் முதற்பகுதியில் நகைக்குரிய பொருளாக இருந்த அதே குடமே இறுதியில் நம்பிக்கைக்குரிய பொருளாகின்றது. வெளியினின்று எதுவும் வந்து சேரவில்லை. ஊரின் நிலையும் மாறவில்லை. நாளை மறுநாள் மீண்டும் இரயிலை நோக்கி ஓடத்தான் வேண்டும். ஆகவே இம்முடிவை மகிழ்ச்சியான முடிவு என்றல் பிழை. இருண்ட முடிவு என்றலும் பிழை. ஒருநாளுக்குப் போதுமான நம்பிக்கை என்பதே பொருந்தும். இவ்வளவினை அறிந்து நிறுத்திய அடக்கமே ஆசிரியரின் வெற்றி என்பது எம் கருத்து.

அயர்லாந்து தரும் ஒப்புமை

துன்பத்தையே தன் இலக்கிய முத்திரையாகப் பெற்றுவிட்ட நாடுகளுள் அயர்லாந்து ஒன்று. ஆங்கும் இதே வழக்கு நிகழ்ந்து வருகின்றது. 2023ஆம் ஆண்டுப் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இரு அயர்லாந்துப் புதினங்கள் இடம்பெற்றன. கொடுங்கோன்மை படர்வதையும் ஒரு தாய் தன் குடும்பத்தைக் காக்கப் போராடுவதையும் மூச்சுவிட இடமின்றிச் சொல்லும் பால் லிஞ்சின் ‘புராஃபெட் சாங்’ பரிசு பெற்றது. நொடித்துப்போன ஒரு வணிகக் குடும்பத்தின் கதையை மிகுந்த நகையுடன் சொல்லும் பால் மர்ரேயின் ‘தி பீ ஸ்டிங்’ பரிசு பெறவில்லை. இதுகொண்டு இருளே வென்றது என்று கூறிவிட இயலாது. மர்ரேயின் நூலிலும் நகை மெல்ல மெல்ல இருளை நோக்கியே நடக்கின்றது.

இவ்வழக்கினை நன்கு உணர்ந்து முன்னரே எள்ளியவர் பிளான் ஓ பிரையன். 1941இல் ஐரிய மொழியில் அவர் வெளியிட்ட ‘ஆன் பேல் பாக்ட்’ என்னும் நூலில் ஓயாது மழை பெய்கின்றது; உருளைக்கிழங்கன்றி உணவில்லை; துன்பத்திற்கு எல்லையில்லை. ஐரிய மொழியில் அதற்குமுன் தோன்றிய வறுமைத் தன்வரலாறுகளின் நடையை மிகைப்படுத்திக் காட்டும் நூல் அது. அதன்கண் ஒரு நிகழ்ச்சி நமக்குப் பெரிதும் பயன்படுவது. மக்கள் வழக்கைப் பதிவு செய்ய வந்த ஆய்வறிஞர் ஒருவர் இருட்டில் பன்றியின் உறுமலைத் தூய ஐரியப் பேச்சு என்று கருதிப் பதிவு செய்துகொண்டு மகிழ்ந்து செல்கின்றார். ஈண்டு எள்ளப்படுவோர் ஏழைகள் அல்லர். ஏழைமையில் இலக்கியச் சுவை காணும் ஆய்வாளர். வறட்சிப் பகுதியின் எழுத்தை ஆராய முற்படும் நாம் அனைவரும் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் நன்று.

கதையின் எல்லை

‘தண்ணீர்’ 2018இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. நீரைப்பற்றிய பாடங்கள் அடங்கிய இயலில் அது சேர்க்கப்பட்டது. இதனால் கதை பல்லாயிரம் இளைஞரைச் சென்றடைந்தது, மகிழத்தக்கதே. ஆயினும் நீர்ச்சிக்கனத்திற்கு ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் அதனைப் பயிற்றுவித்தல் பெரும் முரணாகும். பல கல் தொலைவு நடந்தும் ஒரு துளி சிந்தாத பெண்ணிடம் சிக்கனத்தைக் கற்பிப்பார் யார்? அவளூர்க்கு நீர் ஏன் வரவில்லை என்பதே கதை எழுப்பும் வினா.

இக்கதைக்கு ஓர் எல்லையும் உண்டு. இரயில் நீர் எவர்க்கும் பொது. குழாயடியில் முந்தியவர்க்கு முதலிடம். சாதி ஆங்கே பேசப்படவில்லை. அந்நீர் பொதுவாக இருப்பதனாலேயே ஊர் ஒன்றாக ஓடுவதும், ஒன்றாக நகுவதும், ஒன்றாகக் கலங்குவதும் இயல்கின்றது. ஊருக்குள் உள்ள நீர் அவ்வாறு பொதுவன்று என்பதைத் தமிழகம் அறியும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்திய குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. இல்லாமையால் விளையும் இருள் ஒன்று. இருந்தும் மறுக்கப்படுதலால் விளையும் இருள் மற்றொன்று. முன்னதில் நகை பிறக்க இடமுண்டு. பின்னதில் நகைக்கு இடம் உண்டா என்னும் வினாவிற்குக் கந்தர்வனின் இக்கதை விடை தரவில்லை. தராதது குற்றமன்று, ஆயின் இக்கதையின் நகையை எல்லா அவலத்திற்கும் உரிய மருந்தாகக் கொள்ளலாகாது என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை.

அதே வேளையில், இந்திராவின் துணிவு வெறுங்கற்பனை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 1991-92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்த அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தொடக்கத்தில் அவர்களைப் பார்த்து நகைத்தோர் பலர். அவ்வேளனத்தைத் தாங்கி அவர்கள் மிதித்த வண்டிகள் பின்னர்த் தண்ணீர்க் குடங்களையும் சுமந்தன. 1996இல் வெளிவந்த சாய்நாத்தின் நூல் இராமநாதபுரத்தின் தண்ணீர்த் துயரையும் புதுக்கோட்டைப் பெண்களின் மிதிவண்டியையும் ஒருங்கே பதிவு செய்துள்ளது. வறட்சியை எல்லோரும் விரும்புகின்றனர் என்னும் பொருள்படும் அந்நூலின் பெயரே ஓர் எள்ளல் அன்றோ! ஆகவே எள்ளலும் அவலமும் நம்பிக்கையும் ஒருங்கு நிற்றல் இப்பகுதியின் வாழ்விலேயே காணப்படும் உண்மை. கந்தர்வன் அதனைக் கண்டெழுதினார், படைத்துக்கொண்டாரல்லர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். புனைகதையில் இருளா நம்பிக்கையா என்று முடிவை மட்டும் நோக்கி அளத்தல் போதாது. நகை எவர் வாயினின்று எவரை நோக்கிப் பிறக்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். வறியாரின் நகை அவர்தம் அவலத்தைக் குறைத்துக் காட்டுவதில்லை. அதனை அறிந்தோர் அவரே என்பதைக் காட்டுகின்றது. நகைக்குப் பொருளாக இருந்ததே நம்பிக்கைக்கும் பொருளாகுமிடத்து அந்நம்பிக்கை கதையின் விளைச்சல். வேறிடத்தினின்று வருமாயின் அது ஆசிரியரின் விருப்பம் மட்டுமே.

வறுமையை அழுகைக்கு நிலைக்களனாக வகுத்த தொல்காப்பியம் பிழைபட்டதன்று. இக்காலச் சிறுகதை அதனை மறுக்கவில்லை. அவ்வழுகையின் உள்ளே நகைக்கும் பெருமிதத்திற்கும் இடம் உண்டு என்று காட்டி, அவ்விலக்கணத்தை விரித்துள்ளது. மெய்ப்பாட்டியலைப் பழம்பாடல்களுக்கு மட்டும் உரியதாக எண்ணாது, கந்தர்வன் போன்றார் கதைகளின்மேலும் பொருத்தி ஆராய இளைய ஆய்வாளர் முன்வருவாராயின் இருபாலும் பயன் விளையும். கதைகள் நுட்பமாகக் கற்கப்படும். இலக்கணமும் உயிருடன் நிற்கும்.